‘அப்பாவைக் கூட்டிட்டு வா’

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே பிள்ளைகளுக்குத் தொண்டை எரிந்தது, கண் எரிந்தது, சிலருக்கு மூச்சு முட்டியது, சிலர் மயங்கி விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மூடப்பட்ட பள்ளி தீபாவளி கழிந்து நவம்பர் 4 அன்று திறந்தபோது மறுபடியும் சில மாணவிகளுக்கு அதே கதி. மறுபடியும் பள்ளியை மூடினார்கள். காற்றில் கலந்தது என்ன, எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு உடனடியாகப் பதில் கிடைக்கவில்லை. ஆலைகளைப் பற்றியும் மாசுக் கட்டுப்பாட்டைப் பற்றியும் அப்போது நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அப்படியொரு பள்ளி திரும்பத் திறக்கும் காலையில், “மிஸ், திரும்பவும் ஸ்மெல் வருது” என்று ஒரு குழந்தை எழுந்து நின்றால், கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் என்ன சொல்ல வேண்டும்? அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

வடசென்னையின் கடலோரப் பட்டையில் இது அபூர்வமாக எழும் கேள்வி இல்லை. 2004 சுனாமியில் காசிமேடு முதல் எண்ணூர் வரை குப்பங்கள் சிதறின. எர்ணாவூரில் ‘சுனாமி குடியிருப்பு’ என்பது இன்றும் விலாசத்தில் எழுதும் பெயர். 2020இல் சென்னையிலேயே கொரோனா முதலில் தீவிரமாகப் பரவிய பகுதிகளில் இராயபுரம் மண்டலம் ஒன்று. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின, உள்ளே இருந்த புத்தகப் பைகள் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் அடித்து வந்து எண்ணூர் கழிமுகத்தின் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை வாரிக்கொண்டு குடும்பங்கள் இருட்டில் ஓடின. இவை பத்திரிகையில் வந்தவை. கடலுக்குப் போன அப்பா திரும்பாதது, கன்டெய்னர் லாரியில் அடிபட்ட அண்ணன், விடியுமுன் போலீஸ் வந்து அழைத்துப்போய்ப் புழல் சிறையில் அடைத்த மாமா, குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் வீடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது ஆகியவை எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அவை வந்து சேரும் இடம் வகுப்பறைதான்.

அப்படி வந்து சேரும்போது நம் பள்ளிகளில் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. முதலாவது, எதுவும் நடக்காததுபோல் இருந்துவிடுவது: “வீட்டுப் பிரச்சினையை வீட்டோட விட்டுட்டு வா.” இரண்டாவது, அக்கறையால் நடப்பது: குழந்தையைத் தனியே அழைத்து, அழும்வரை கேட்டு, அழுதபின் தேற்றி, இனி இவளுடைய மனபாரத்தைக் குறைப்பது என் பொறுப்பு என்று ஆசிரியர் தோளில் ஏற்றிக்கொள்வது. முதலாவது தவறு என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவதைத்தான் தீர்வு என்று நம்பி, பயிற்சி முகாம்களில் “ஆசிரியரே முதல் மனநல ஆலோசகர்” என்று கைதட்டல் வாங்குகிறோம். என் வாதம் இதற்கு எதிரானது. நெருக்கடியில் இருக்கும் மாணவருக்கு ஆசிரியரால் செய்ய முடிந்தது மிகப் பெரியது. ஆனால் அதை ஆலோசகராக மாறி அவரால் செய்ய முடியாது, ஆசிரியராக இருந்தே செய்ய முடியும். ஆலோசகரின் வேலைக்கு ஆலோசகர் ஒருவர் அந்த வளாகத்திலேயே வேண்டும். இது என் விருப்பத்திலிருந்து வரும் முடிவு இல்லை. கையில் இருக்கும் ஆதாரங்கள் அந்தப் பக்கம்தான் தள்ளுகின்றன.

மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் நம்பியது. விபத்திலும் பேரிடரிலும் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் முறை 1980களிலும் 90களிலும் உலகமெங்கும் பரவியது. பிறகுதான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பதின்மூன்று மாதம் கழித்தும் அதிர்ச்சிநோய் இருந்தது. விட்டுவிடப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வுகளும் இந்த முறையால் நன்மை இல்லை, தீமைகூட நேரலாம் என்றே முடித்தன. 2007இல் பேரிடர்க் கால உளநலப் பணிக்காக ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த வழிகாட்டி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறும் முறையை வேண்டாம் என்றது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதை மூன்று சொல்லில் அடக்கியது: பார், கேள், இணை. இதில் ‘கேள்’ என்பது காது கொடுப்பது, துருவுவது இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

பிள்ளைகளைப் பற்றிய ஆதாரம் இன்னும் நமக்கு நெருக்கமான இடத்திலிருந்து வருகிறது. போர் ஓயாத காலத்தில் யாழ்ப்பாண மாவட்டத்துப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான 399 தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தவர்கள், விளையாட்டும் பாட்டும் பேச்சுமாகப் பதினைந்து அமர்வுகள் நடத்தினார்கள். முரட்டுத்தனம் குறைந்தது, குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடம். ஆனால் அதிர்ச்சியின் அறிகுறிகளில் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் தெரியவில்லை. பையன்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. பெண் பிள்ளைகளிலோ, திட்டத்தில் சேர்ந்தவர்களைவிடச் சேராமல் காத்திருந்தவர்களே அதிகம் தேறினார்கள். இன்னொரு முடிவுதான் வடசென்னைக்கு முக்கியமானது. அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு அமர்வுகள் உதவின. நெருக்கடி தொடர்ந்துகொண்டே இருந்தவர்களுக்கு அந்த அளவு உதவவில்லை. ஆபத்து நடந்து முடிந்தபின் செய்ய வேண்டிய சிகிச்சை வேறு. ஆபத்து இன்றும் வாசலில் இருக்கும்போது செய்ய வேண்டியது வேறு. எண்ணூரில் குழாய் இன்னும் அதே கடலுக்கடியில்தான் போகிறது என்று ஒரு பிள்ளை பயந்தால், அந்தப் பயத்தை மனநோயாகப் பார்த்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளையின் புத்தியை அவமதிப்பதாகும்.

ஆசிரியரையே ஆலோசகராக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்திய பெரிய சோதனை 2018இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே திட்டம். சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்திய, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத ஆலோசகர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் அங்கிருந்த ஆசிரியர்களே நடத்தினார்கள். மற்றவற்றில் வழக்கமான பாடம் மட்டும். தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச்சூழல் நன்றாக மேம்பட்டது. மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளுக்கும் எதுவும் நடக்காத பள்ளிகளுக்கும் வித்தியாசமே இல்லை. இதைப் படித்து ஆசிரியர்களைக் குறைசொல்பவர்கள் ஆய்வைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். பாடமும் தேர்வும் செயலியில் வருகைப் பதிவும் வாக்காளர் பட்டியல் வேலையும் முதுகில் இருக்கும் ஒருவருக்கு இதற்கென நேரம் கிடையாது. நேரம் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மதிப்பெண் போடுகிற, தண்டிக்கிற, அப்பாவை வரச்சொல்கிற அதே ஆளிடம் போய் எந்தப் பிள்ளை வீட்டு ரகசியத்தைச் சொல்லும்?

அப்படியானால் ஆசிரியருக்கு மிச்சமிருப்பது என்ன? நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதி சின்னச் சின்ன காரியம். தந்தையை இழந்த மாணவி காரியம் முடிந்து திரும்பி வரும் முதல் நாளை எடுத்துக்கொள்வோம். அவள் வருவதற்கு முன்பே வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்: யாரும் சுற்றி நின்று கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், நோட்டு கொடுங்கள். அவளிடம் வாசலிலேயே, மற்றவர் காதில் விழாமல், “அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. உன் எடம் அப்படியேதான் இருக்கு, போய் உக்காரு. இன்னிக்கு எழுத முடியலைன்னா சும்மா கேட்டுட்டு இரு” என்றால் போதும். அரை நிமிடப் பேச்சு. எனக்குத் தெரியும், உன்னை இரக்கப் பொருளாக ஆக்க மாட்டேன், நாள் வழக்கம்போல் நடக்கும் என்கிற மூன்றும் அதில் இருக்கின்றன. வீடு நிலைகுலைந்த குழந்தைக்கு மணி அடிப்பதும், இரண்டாம் பீரியடில் கணக்கு வருவதும், மதியம் அதே தோழியோடு சாப்பிடுவதும்தான் உலகம் இன்னும் நிற்கிறது என்பதற்கான அத்தாட்சி. அதனால்தான் பேரிடருக்குப் பின் பள்ளியைச் சீக்கிரம் திறப்பதை நிவாரணப் பணியின் ஒரு பகுதியாகவே உலகெங்கும் வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கை ஆசிரியரைத் தவிர வேறு யாராலும் தர முடியாது.

அந்த ஒழுங்குக்குள்ளேயே முள் பதிந்த வழக்கங்களும் உண்டு. வீட்டுப்பாடம் எழுதாத பையனிடம் “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா க்ளாஸுக்கு வராதே” என்று சொல்வது நம் பள்ளிகளில் மூச்சு விடுவதுபோல் நடக்கிறது. அப்பா ஆழ்கடலில் பத்து நாளாக இருக்கலாம், சிறையில் இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்ல முடியாத பையன் மறுநாள் வரமாட்டான். ஒரு வாரம் வராவிட்டால் ஹார்பர் பக்கம் கூலி வேலை காத்திருக்கிறது. ‘வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் வந்து என்னைப் பாருங்க’ என்று நோட்டில் எழுதி அனுப்பினால் வேலை அதேதான் நடக்கும், யாருக்கும் காயமில்லை. ‘என் தந்தை’ என்ற கட்டுரைத் தலைப்பை ‘எனக்குப் பிடித்த ஒருவர்’ என்று மாற்றுவதால் இலக்கணம் கெட்டுவிடாது. முதல் பீரியடில் தூங்கி விழுபவளின் அம்மா விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருக்கலாம், தம்பியைக் கிளப்பி அனுப்பியது அவளாக இருக்கலாம். “ஏன் தூங்குறே?” என்பதற்கு முன்னால் “காலையில எத்தனை மணிக்கு எழுந்தே?” என்று கேட்டால் வகுப்பே வேறு மாதிரி நடக்கும்.

துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவிகளில் ஒன்று, தாள்கள் சம்பந்தப்பட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் வைப்புத்தொகை தரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது; தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. லாரியும் கிரேனும் படகும் ஆளைத் தின்னும் இந்தப் பகுதியில் இவற்றுக்கு உரிமையுள்ள பிள்ளைகள் எத்தனையோ வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு எப்.ஐ.ஆர். நகல் எங்கே, வாரிசுச் சான்று எங்கே என்று ஒருமுறை எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் நகர்ந்ததா என்று மாதம் ஒருமுறை விசாரிப்பதை எந்த மனநலப் பாடத்திட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் படிப்பு நிற்குமோ என்ற பயத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைக்கு நேரடி மருந்து அதுதான்.

“ஸ்மெல் வருது மிஸ்” என்ற குழந்தைக்கு வருவோம். தொடரும் ஆபத்துள்ள ஊரில் முதல் கடமை நம்புவது. “ஒண்ணுமில்ல, உக்காரு” என்பது மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் செல்லுபடியாகாது. தவிர அது உண்மையாகவே வாயுவாக இருந்தால் உயிருக்கே கேடு. வகுப்பை வெளியே கொண்டுவருவது, நேரத்தையும் எந்த அறை என்பதையும் ஒரு நோட்டில் குறிப்பது, தலைமையாசிரியர் உரியவர்களுக்குத் தெரிவிப்பது, பிறகு பிள்ளைகளிடம் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வது: “என்ன வாசனைன்னு இன்னும் தெரியலை. செக் பண்ண வர்றாங்க. அதுவரை நாம இங்கேயே இருப்போம். நான் உங்களோடதான் இருக்கேன்.” இப்படி நாலு முறை எழுதிய நோட்டு, நாளைக்கு விசாரணை வரும்போது சாட்சியாகவும் நிற்கும். மயக்கத்தை ‘பொம்பளைப் பிள்ளைங்க பயத்துல விழுதுங்க’ என்று ஒதுக்குவது எளிது. ஒரு பிள்ளை விழுவதைப் பார்த்து இன்னொரு பிள்ளைக்குப் படபடப்பு வருவது உண்டுதான்; ஆனால் முதல் பிள்ளைக்கு வந்தது என்ன என்று கண்டுபிடிக்கும்வரை அதைப் பேச யாருக்கும் தகுதியில்லை.

இப்படியெல்லாம் விட்டுக்கொடுத்தால் கண்டிப்பு போய்விடும், துக்கத்தைச் சாக்குச் சொல்லப் பிள்ளைகள் பழகிவிடும் என்று அனுபவமுள்ள ஆசிரியர்களே சொல்கிறார்கள். இந்த எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. பரிதாபப்பட்டுப் பாடத்தைக் குறைப்பது, ‘பாவம், இவன் எங்கே படிக்கப்போறான்’ என்று விட்டுவிடுவது, இரண்டாவது அநீதி. அப்பா போன பிள்ளைக்குப் படிப்பும் போய்விடும். ஆனால் நான் சொன்ன எதிலும் பாடம் குறையவில்லை. வீட்டுப்பாடம் உண்டு, அதை முடிக்க மதிய இடைவேளையும் ஒரு மேசையும் சேர்த்துத் தரப்படுகின்றன. தவறுக்குக் கேள்வி உண்டு, நாலு பேர் முன்னால் இல்லை. அடியும் அவமானமும் கண்டிப்பில் சேராது; 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்திருக்கிறது. ‘இந்த ஏரியாப் பசங்களுக்கு இதெல்லாம் பழக்கம்’ என்று இன்னொரு வாதம் கேட்கிறது. அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அழாத பிள்ளையைப் பழகிவிட்ட பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறோம். கொலையும் வெள்ளமும் பார்த்த குழந்தை தேறியிருக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் காலப்போக்கில் தேறவே செய்கிறார்கள். அது அவர்களைச் சுற்றி நாலு பெரியவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டதால் வரும் தேற்றம், அந்தப் பகுதியில் பிறந்ததால் வருவதில்லை.

ரகசியம் பற்றிய எதிர்ப்பு கடினமானது. துருவாதே என்று சொன்னால், வீட்டிலேயே கொடுமை நடக்கும் பிள்ளையைக் கைவிடுவதாகாதா? துருவாமல் இருப்பதும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் வேறு. ஒரு மாதமாக வாடுகிறாள், முழுக்கை போட்டே வருகிறாள், வீட்டுக்குப் போக மணி அடித்தால் நடுங்குகிறாள் என்றால் கவனிக்க வேண்டும், கேட்கவும் வேண்டும்: “ஏதாவது கஷ்டமா இருக்காம்மா?” அவள் சொன்னால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம் எல்லோர்மீதும் வைத்துள்ள கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. “உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்வேன்” என்பதே நேர்மையான வாக்கு. அதன்பின் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கோ அழைக்கலாம். இரவில் தூக்கமே வராத, சாக வேண்டும் என்று பேசுகிற பிள்ளையின் குடும்பத்தை 14416 என்ற மனநல உதவி எண்ணில் இணைத்துவிடலாம், ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். விவரங்களைத் தோண்டி எடுப்பது விசாரிக்கிறவர்களின் வேலை. ஆசிரியர் தோண்டத் தோண்ட, குழந்தை அதே கொடுமையை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்ல நேர்கிறது.

எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் இருப்பவருக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் குறை. நாளந்தாவில் பலன் தந்தது தொலைபேசி எண் இல்லை. தினமும் பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் முகம் பார்த்துப் பழகிய ஓர் ஆள். 2025 ஜூலை 25 அன்று சுகதேப் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வரும்வரை அதுவே விதி. இதை நிறைவேற்றுகிறோம் என்று ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ‘நோடல் ஆசிரியர்’ என்று பெயர் வைத்துவிடும் ஆபத்து பலமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் பலனில்லாமல் போகும் என்று ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பெரிய பட்டமும் இதற்குத் தேவையில்லை. சமூகப் பணி படித்த, இந்தப் பகுதியின் தடைக்காலமும் ஷிஃப்டும் தெரிந்த, திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருக்கும் இளைஞர்கள் கிடைப்பார்கள். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய நான்கு மண்டலங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் அவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். தேர்வுக் கண்காணிப்புக்கும் ஆசிரியர் வராத வகுப்பை மேய்ப்பதற்கும் அவர்களை அனுப்பக் கூடாது. கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை வேண்டும்; ஸ்டாஃப் ரூமின் ஒரு மூலை இதற்கு ஆகாது, உள்ளே போகிற பிள்ளையை எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி இருந்தால் ஒரு பிள்ளையும் அங்கே போகாது.